கரியா இறந்தான்

தமிழ் இலக்கணம் உலகத்துப் பொருள்கள் அனைத்தையும் இரண்டு திணைகளாகப் பகுக்கிறது. நன்னூலின்படி மக்கள், தேவர், நரகர் ஆகியோர் உயர்திணை; உயிருள்ளனவும் உயிரில்லாதனவுமாகிய பிற யாவும் அஃறிணை. இந்தப் பகுப்பில் ஒரு நாயும் அதன் கழுத்துச் சங்கிலியும் ஒரே வரிசையில் நிற்கின்றன. வாசலில் சங்கிலி கிடந்தது. வாசலில் நாய் கிடந்தது. வினைமுற்றில் எந்த வேறுபாடும் இல்லை.

நாய் வளர்க்கும் வீடுகள் இந்த விதிக்குக் கட்டுப்படுவதில்லை. அங்கே நாய் வருவதில்லை. வருகிறான், அல்லது வருகிறாள். இலக்கண ஆசிரியர்கள் இதை அறியாதவர்கள் அல்லர். உவப்பு, உயர்வு, சிறப்பு, சினம், இழிப்பு ஆகிய ஐந்து காரணங்களால் திணையும் பாலும் மாறி வந்தால் அது குற்றமாகாது என்று நன்னூல் இடம் கொடுக்கிறது. பசுவை அம்மை என்றழைத்து, அவள் ‘வந்தாள்’ என்று பெண்பால் முடிபு கொடுப்பது திணை வழுவமைதிக்குப் பள்ளிக்கூடங்களில் இன்றும் சொல்லப்படும் எடுத்துக்காட்டு. உவப்பினால் அங்கே பசு உயர்திணை ஆகிறது.

அந்த ஐந்தில் மகிழ்ச்சி இருக்கிறது, மதிப்பு இருக்கிறது, சினமும் இகழ்ச்சியும்கூட இருக்கின்றன. துயரம் இல்லை. வீட்டுக்கு வரும் விலங்குக்கு எடுத்துக்காட்டு உண்டு. வீட்டை விட்டுப் போகும் விலங்குக்கு இல்லை. வயது முதிர்ந்து, நோயுற்று, கண்ணெதிரே தேய்ந்துபோகும் ஒரு நாய்க்கு விடைகொடுக்கும் குடும்பம் எந்தச் சொல்லைப் பயன்படுத்துகிறது, எந்தச் சொல்லுக்கு அஞ்சுகிறது என்பதை மைசூருவில் ஒரு வீட்டைக் கொண்டு பார்க்கலாம்.

குவெம்பு நகரில் உள்ள அந்த வீட்டார் இரண்டு தலைமுறைகளாக மைசூருவில் வாழும் தமிழர்கள். கணவர் ரயில்வே பணிமனையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மனைவி உயர்நிலைப் பள்ளியொன்றில் வரலாறு கற்பித்து ஓய்வு பெற்றவர். ஒரே மகள் புனேயில் பணிபுரிகிறார். 2010ஆம் ஆண்டு மழைக்காலத்தில் தெருச் சாக்கடையோரம் கிடந்த கறுப்புக் குட்டியொன்றை மகள் தூக்கி வந்தார். பால் கொண்டு வரும் பெண்மணி அதைப் பார்த்ததும் ‘கரியா’ என்றார். கறுப்பன் என்று பொருள்படும் அந்தக் கன்னடப் பெயரே நிலைத்தது.

கரியா இரு மொழிகளுக்கிடையே வளர்ந்தான். வீட்டுக்குள் ‘வா’ என்றார்கள். தெருவில் ‘பா’ என்றார்கள். தமிழில் சொல்லின் முதலில் வரும் வகரம் கன்னடத்தில் பகரமாக நிற்கும் என்பது திராவிட ஒப்பிலக்கணத்தின் தொடக்கப் பாடங்களில் ஒன்று. கரியா எந்தப் பாடமும் இல்லாமல் இரண்டுக்கும் ஒரே வேகத்தில் ஓடி வந்தான். முதல் வாரத்திலிருந்தே அவன் ‘அவன்’தான். செருப்பைக் கடித்துக் குதறிய நாள்களில் மட்டும் கணவர் குரலை உயர்த்தி, “அது என்ன பண்ணி வெச்சிருக்கு பாரு” என்பார். அன்று மாலைக்குள் அவன் மீண்டும் உயர்திணை ஆகிவிடுவான்.

பன்னிரண்டாம் வயதில் முகவாயில் நரை ஏறியது. கருவிழிகளில் நீலச் சாம்பல் படர்ந்தது. பிறகு காது போனது. வாயிற்கதவின் கொக்கிச் சத்தத்துக்குத் துள்ளி எழுந்தவன், ஆள் அருகில் வந்து நிற்கும்வரை அசையாமல் படுத்திருந்தான். வீட்டார் தங்கள் பேச்சை மாற்றிக்கொண்டார்கள். தரையை இருமுறை மிதித்தால் அந்த அதிர்வு அவனை எழுப்பியது. உள்ளங்கையை மேல்நோக்கிக் காட்டினால் உணவு. கையைப் பக்கவாட்டில் வீசினால் நடை. பதினாலு ஆண்டு உறவின் கடைசிப் பகுதி இப்படிச் சைகை மொழிக்கு மாறியது. ஆனால் எவரும் பேசுவதை நிறுத்தவில்லை. நாயின் மூளை சொல்லையும் சொல்லும் தொனியையும் தனித்தனியே கையாளுகிறது என்று புடாபெஸ்ட் ஆய்வாளர்கள் 2016இல் மூளைப் படங்களின் வழி காட்டினார்கள். கரியாவுக்கு அந்த இரண்டுமே எட்டாதபோதும் கணவர் அவன் தட்டின் அருகே குந்தி அமர்ந்து அன்றைய செய்திகளைச் சொல்லிக்கொண்டிருந்தார். பேச்சு செய்தியைக் கடத்த மட்டும் இருப்பதில்லை. அருகில் ஒருவர் இருக்கிறார் என்பதை நிறுவவும் அது இருக்கிறது.

நோய் தண்ணீர்க் கிண்ணத்தில்தான் முதலில் தெரிந்தது. ஒரு நாளைக்கு இருமுறை நிரப்பிய கிண்ணத்தை ஐந்து முறை நிரப்ப வேண்டியிருந்தது. இரவில் இரண்டு தடவை எழுந்து கொல்லைக் கதவைச் சுரண்டினான். வெயில்காலம் என்று வீட்டார் எண்ணினார்கள். எடை குறைந்து, வாயில் ஒரு கெட்ட வாடை எழுந்தபோது கால்நடை மருத்துவரிடம் கொண்டுசென்றார்கள். இரத்தப் பரிசோதனையில் கிரியேட்டினின் அளவு 4ஐத் தாண்டியிருந்தது. நாள்பட்ட சிறுநீரக நோய், மூன்றாம் நிலை என்றார் அந்த மருத்துவர்.

இந்த நோயின் கொடுமை அதன் மௌனத்தில் இருக்கிறது. சிறுநீரகத்தின் வடிகட்டும் நுண்ணலகுகளில் ஏறத்தாழ முக்கால் பங்கு அழிந்த பிறகே இரத்தத்தில் அதன் கணக்கு வெளிப்படும். எஞ்சியிருக்கும் கால் பங்கு அதுவரை முழுச் சுமையையும் தாங்கிக்கொண்டிருக்கும். சிறுநீரை அடர்த்தியாக்கும் திறன் போய்விடுவதால் உடல் நீரை இழந்துகொண்டே இருக்கும். அந்த இழப்பை ஈடுசெய்யவே விலங்கு ஓயாமல் குடிக்கும். அழிந்தது மீளாது. எஞ்சியதைச் சில மாதங்கள் காப்பாற்றலாம்.

அந்தச் சில மாதங்களைக் கணவர் தம் கையில் எடுத்துக்கொண்டார். ரிங்கர் லாக்டேட் திரவப் பையை வெந்நீரில் சிறிது நேரம் வைத்து, உடற்சூட்டுக்குக் கொண்டுவந்து, சன்னல் கம்பியில் தொங்கவிடுவார். தோள்பட்டைகளுக்கு நடுவே தோலைக் கூடாரம்போல் தூக்கிப் பிடித்து ஊசியைச் செலுத்துவார். 300 மில்லி உள்ளே போக இருபது நிமிடம் ஆகும். தோலுக்கடியில் ஒரு திமில் எழும்பி, சிறிது சிறிதாக முன்னங்காலுக்கு இறங்கி, இரவுக்குள் கரைந்துவிடும். இயந்திரங்களின் பிசிறு நீக்கியே பழகிய விரல்கள் அவை. முதல் வாரம் நடுங்கின. இரண்டாம் வாரத்திலிருந்து கரியா ஊசி குத்துவதை உணர்ந்ததாகவே தெரியவில்லை. ஆட்டெலும்பும் ராகிக் களியும் நின்றன. பாஸ்பரஸ் குறைந்த உணவாகச் சோறும் முட்டை வெள்ளைக்கருவும் வந்தன. மருத்துவர் ஆறு மாதம் என்றார். கரியா பத்து மாதம் இருந்தான்.

ஒன்பதாம் மாத இறுதியில் கிரியேட்டினின் 7ஐ நெருங்கியது. வாயினுள் புண்கள். குமட்டல் அடங்க மருந்து கொடுத்தும், உணவைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொண்டான். அப்போதுதான் மருத்துவர் அந்தச் சொல்லைச் சொன்னார்: “தயாமரண.”

இந்திய மொழிகள் இந்த ஒரு செயலுக்கு வைத்திருக்கும் பெயர்களை அடுத்தடுத்து வைத்துப் பார்ப்பது பயனுள்ளது. கன்னடம் தயாமரண என்கிறது. தெலுங்கு காருண்ய மரணம் என்கிறது. இரண்டிலும் நிகழ்வது மரணம். அதை நிகழ்த்துபவர் பெயருக்குள் இல்லை. இந்தியில் பெருவழக்காக உள்ள இச்சா மிருத்யு, விரும்பி ஏற்கும் சாவு. விருப்பத்தைச் சொல்ல இயலாத ஓர் உயிருக்கு அது பொருந்தவே பொருந்தாது. மலையாளத்தின் தயாவதமும் தமிழின் கருணைக்கொலையும் மட்டுமே செய்பவரைச் சொல்லுக்குள் நிறுத்துகின்றன. வதம் என்றால் வதைத்தவர் ஒருவர் உண்டு. கொலை என்றால் கொன்றவர் ஒருவர் உண்டு. கருணை என்ற முன்னொட்டு அவரை மன்னிக்கிறது, ஆனால் மறைக்கவில்லை. ஆங்கிலத்திலிருந்து வந்த ‘தூங்க வைத்தல்’ இந்த எல்லாவற்றையும் தாண்டி, சாவையே பெயரிலிருந்து அகற்றிவிடுகிறது.

கன்னடத்தில் மருத்துவர் சொன்னதை மனைவி தமிழில் கணவரிடம் சொன்னார். மரணம் மொழிபெயர்ப்பில் கொலை ஆயிற்று. அடுத்த பதினெட்டு நாள்கள் அந்த வீட்டில் நடந்த வாதமெல்லாம் இந்த இரு சொற்களுக்கும் இடைப்பட்ட தூரத்தைப் பற்றியதுதான்.

“உயிரைக் குடுக்க முடியாதவன் எடுக்கக் கூடாது” என்றார் கணவர். அவர் அதைப் பெரிய தத்துவமாகச் சொல்லவில்லை. அவருடைய தாயார் சொல்லிக் கேட்டதைச் சொன்னார். மனைவி, வரலாற்று ஆசிரியருக்குரிய பழக்கத்தில், சபர்மதியைச் சொன்னார்.

1928இல் சபர்மதி ஆசிரமத்தில் கன்றொன்று நோயுற்று, தாங்கொணா வேதனையில் கிடந்தது. மருத்துவ உதவியால் பயனில்லை என்றான பிறகு, காந்தி ஆசிரமத்தில் உள்ளவர்களுடன் கலந்து பேசி, மருத்துவர் ஒருவரைக் கொண்டு ஊசி போட்டு அதன் உயிரை முடிக்கச் செய்தார். அதை அவர் மறைக்கவில்லை. நவஜீவனிலும் யங் இந்தியாவிலும் எழுதினார். பசுவைப் புனிதமாகக் கருதும் ஒரு நாட்டில், அகிம்சையைத் தம் வாழ்வின் மையமாகக் கொண்ட ஒருவர் கன்றைக் கொல்லச் செய்தது பெரும் கொந்தளிப்பை எழுப்பியது. சினம் மிகுந்த கடிதங்கள் வந்து குவிந்தன. தாம் செய்தது கொல்லுதல் என்பதை அவர் எந்த மென்சொல்லாலும் மூடவில்லை. கொல்வது எப்போதும் இம்சை ஆகாது, கொல்லாமல் விடுவது எப்போதும் அகிம்சை ஆகாது என்பதே அவருடைய வாதத்தின் சாரம்.

கணவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு, “காந்திக்கு அந்தக் கன்னுக்குட்டியோட பதினாலு வருஷப் பழக்கம் இல்ல” என்றார்.

அதற்கு விடை சொல்வது எளிதன்று. நெறியியல் விவாதங்கள் பெரும்பாலும் செயலைப் பார்க்கின்றன. செய்பவருக்கும் அந்த உயிருக்கும் இடையே சேர்ந்திருக்கும் காலத்தைப் பார்ப்பதில்லை. மனிதர் ஒருவர் மீளாநோயில் கிடக்கும்போது இந்தியச் சட்டம் சிகிச்சையை விலக்கிக்கொள்ள மட்டுமே, அதுவும் கடும் கட்டுப்பாடுகளுடன், இடமளிக்கிறது. 2011இலும் 2018இலும் உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்புகள் அந்த எல்லையை வகுத்தன. அங்கே முடிவை மருத்துவக் குழுக்களும் நோயாளி முன்கூட்டி எழுதிவைத்த சொற்களும் பகிர்ந்துகொள்கின்றன. ஒரு நாயின் விஷயத்தில் எல்லாம் ஒரு சமையலறை மேசைக்கு வந்துவிடுகிறது. காலையில் திரவம் ஏற்றும் அதே கை மாலையில் கையொப்பமும் இட வேண்டும்.

மருத்துவர் அவசரப்படுத்தவில்லை. அமெரிக்கக் கால்நடை மருத்துவர் அலிஸ் வில்லலோபோஸ் வகுத்த ஓர் அளவுகோலை அவர் எழுதிக் கொடுத்தார். வலி, பசி, நீர்ச்சத்து, தூய்மை, மகிழ்ச்சி, நடமாட்டம், கெட்ட நாள்களைவிட நல்ல நாள்கள் மிகுதியா என்பது ஆகிய ஏழுக்கும் தலா பத்து மதிப்பெண். மொத்தம் எழுபதில் முப்பத்தைந்துக்கு மேல் இருந்தால் பராமரிப்பைத் தொடரலாம். எண்களில் கணவருக்கு நம்பிக்கை இருந்தது. ஆனால் மகிழ்ச்சிக்கு மதிப்பெண் போட அவரால் முடியவில்லை. அதற்குப் பதிலாகச் சுவரில் தொங்கிய மாத நாட்காட்டியில் நல்ல நாளுக்கு நீல மையால் ஒரு கோடும் கெட்ட நாளுக்குச் சிவப்பு மையால் ஒரு கோடும் இடத் தொடங்கினார். எது நல்ல நாள் என்பதை அவரே வரையறுத்தார்: மாலையில் அவர் நடை முடித்துத் திரும்பும்போது கரியா வாயிற்கதவுவரை வந்தால் அது நல்ல நாள்.

முதல் வாரத்தில் மூன்று நீலக் கோடுகள். இரண்டாம் வாரத்தில் ஒன்று. அதன் பிறகு இல்லை.

பதினெட்டாம் நாள் விடியலில் கணவர் எழுந்தபோது கரியா கொல்லைக்குச் செல்லும் நடையில் விழுந்து கிடந்தான். சிறுநீர் கழிக்கக் கதவை நோக்கிச் சென்றிருக்கிறான். கதவு ஐந்தடி தொலைவில் இருந்தது. குட்டிப் பருவம் கழிந்தபின் ஒருமுறைகூட அவன் வீட்டுக்குள் அசுத்தம் செய்ததில்லை. அவரைக் கண்டதும் எழ முயன்றான், பின்னங்கால்கள் வழுக்கின. மீண்டும் முயலாமல் தலையைச் சுவரின் பக்கம் திருப்பிக்கொண்டான். நாய்க்கு வெட்கம் உண்டா என்பது அறிவியலில் இன்னும் முடியாத வாதம். கணவர் அந்த வாதத்துக்குக் காத்திருக்கவில்லை. வெந்நீர் வைத்து அவனைக் குளிப்பாட்டி, துடைத்து, பழைய போர்வையில் படுக்க வைத்தார். எட்டு மணிக்கு அவரே மருத்துவரைத் தொலைபேசியில் அழைத்தார். மனைவி அருகில் நின்றார், எதுவும் சொல்லவில்லை. “நாளைக்கு வீட்டுக்கே வர முடியுமா டாக்டர்?” என்று கேட்டார். எதற்கு என்று மருத்துவர் கேட்கவில்லை.

மகள் அன்றிரவே வந்து சேர்ந்தார். கரியாவால் அவர் குரலைக் கேட்க முடியவில்லை. கண்ணும் தெளிவாகத் தெரியவில்லை. அவர் தரையில் அமர்ந்து மணிக்கட்டை அவன் மூக்கருகே வைத்தார். சிறிது நேரம் கழித்து வால் தரையில் இருமுறை தட்டியது. மறுநாள் காலை, பத்து மாதங்களுக்குப் பிறகு, ராகிக் களியும் ஆட்டெலும்புச் சாறும் அந்த வீட்டில் அவனுக்காகச் சமைக்கப்பட்டன. ஒருமுறை நக்கினான். அவ்வளவுதான். மனைவி தட்டை உடனே எடுக்காமல் அவனருகிலேயே வைத்திருந்தார்.

மருத்துவர் பதினொரு மணிக்கு வந்தார். நடக்கப்போவது அனைத்தையும் முன்கூட்டியே சொன்னார். முதலில் மயக்கத்துக்கு ஓர் ஊசி. பத்து நிமிடத்தில் ஆழ்ந்து தூங்கிவிடுவான். பிறகு முன்னங்கால் நரம்பில் செருகிய குழாய் வழியாகப் பார்பிட்யூரேட் வகை மருந்து. அது அறுவைச் சிகிச்சைக்குப் பயன்படும் மயக்க மருந்தின் இனம்தான். அளவு மட்டும் மிகுதி. முதலில் மூளை அடங்கும், பிறகு மூச்சு, பிறகு இதயம். கண்கள் மூடாது. எல்லாம் முடிந்த பின்னும் ஓரிரு மூச்சு இழுப்பதுபோல் தோன்றலாம்; அது தசைகளின் எதிர்வினை, வலியின் அடையாளம் அன்று. இவற்றை முன்பே கேட்டிருப்பது பெரிய உதவி. சொல்லப்படாமல் நேரில் காணும் திறந்த கண்கள் பல வீடுகளில் ஆண்டுக்கணக்கில் உறுத்திக்கொண்டிருக்கின்றன.

கையொப்பமிட வேண்டிய படிவத்தில் ‘உரிமையாளர்’ என்ற இடம் இருந்தது. கணவர் அந்தச் சொல்லைச் சிறிது நேரம் பார்த்தார். வேறு சொல் எதுவும் அவரிடமும் இல்லை. கையொப்பமிட்டார்.

இரண்டாம் மருந்து உள்ளே செல்லும்போது அவருடைய வலக்கை கரியாவின் காதின் மேல் இருந்தது. கேளாத அந்தக் காதில், “போதும்டா ராஜா, போதும்” என்று சொல்லிக்கொண்டே இருந்தார். மருத்துவர் மார்புக்குழாயை வைத்து ஒரு முழு நிமிடம் கேட்டார். கருவிழியை மெல்லத் தொட்டுப் பார்த்தார். பிறகு கன்னடத்தில் ஒரே சொல் சொன்னார்: “ஹோத.”

கன்னடத்திலும் விலங்குகளுக்கு அஃறிணை முடிபே இலக்கணம். ‘ஹோயித்து’ என்றால் போயிற்று. ‘ஹோத’ என்றால் போனான். எத்தனையோ விலங்குகளின் இறப்பைத் தொழிலாகப் பார்த்த ஒருவர், படிவத்தில் இனம், வயது, எடை என்று எழுதி முடித்த அதே கையோடு, வாயால் ஆண்பால் முடிபைத் தேர்ந்தார். அதை அவர் எண்ணிப் பார்த்துச் செய்திருக்க வாய்ப்பில்லை. வழுவமைதி எண்ணாமல் நிகழும்போதுதான் இயல்பாகிறது.

கொல்லையில் கறிவேப்பிலை மரத்துக்கு அப்பால், இடுப்பளவு ஆழத்தில் குழி வெட்டினார்கள். தெரு நாய்கள் தோண்டாதிருக்க மேலே கல் பரப்பினார்கள். பகல் இரண்டு மணிக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அதன் பிறகு செய்ய ஒன்றும் இல்லை. மனிதர் இறந்த வீட்டில் செய்ய ஏதாவது இருந்துகொண்டே இருக்கும்: வருபவர்களை அமரவைப்பது, அடுப்பு மூட்டாதிருப்பது, மூன்றாம் நாள், பத்தாம் நாள், பதினாறாம் நாள். சடங்குகள் இறந்தவருக்கு என்ன செய்கின்றன என்பது நம்பிக்கையின் பாற்பட்டது. இருப்பவர்களுக்கு அவை ஒரு கால அட்டவணையைத் தருகின்றன. இந்த வீட்டுக்கு அந்த அட்டவணை இல்லை. மறுநாள் செவ்வாய்க்கிழமை, குடிநீர் வரும் நாள். குடங்களை நிரப்பினார்கள்.

தொலைபேசியில் உறவினர் ஒருவர், “ஒரு நாய்க்குப் போய் இவ்வளவா?” என்றார். மகள் அலுவலகத்துக்கு அனுப்பிய விடுப்பு விண்ணப்பத்தில் ‘குடும்ப உறுப்பினர் மறைவு’ என்ற காரணத்துக்குக் கீழே பெற்றோர், துணைவர், பிள்ளைகள், உடன்பிறந்தோர் என்று பட்டியல் இருந்தது. அவர் ‘சொந்த வேலை’ என்று எழுதினார். சமூகம் வெளிப்படையாக ஏற்றுக்கொள்ளாத, துக்கம் கேட்க ஆள் வராத இழப்பின் வேதனையை உரிமை மறுக்கப்பட்ட துயர் என்று கென்னத் டோக்கா 1989இல் வரையறுத்தார். அழுகைக்கும் ஒரு தகுதிப் பட்டியல் உண்டு என்பதைத்தான் அந்தக் கருத்து காட்டுகிறது. விடுப்பு விண்ணப்பம் அதன் எழுத்து வடிவம்.

நாயின் சாவுக்கு மதிப்பளிக்கத் தென்னகம் அறியாதிருந்ததா என்றால், அப்படியும் இல்லை. மைசூருவிலிருந்து அதிகத் தொலைவில் இல்லாத மண்டியா மாவட்டத்து ஆதகூரில், 949–50இல் நிறுவப்பட்ட ஒரு கல் கிடைத்தது; இன்று அது பெங்களூரு அரசு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. தக்கோலப் போரில் சோழ இளவரசன் இராசாதித்தனை இராஷ்டிரகூடர் தரப்பு வென்ற செய்தியைச் சொல்லும் கல் அது. அந்தப் போரில் பங்கெடுத்த மணலேரன் என்ற வீரன், தன் வீரத்துக்குப் பரிசாகக் காளி என்ற வேட்டை நாயைக் கேட்டுப் பெற்றான். காளி ஒரு பெரும் காட்டுப்பன்றியோடு போரிட்டது, இரண்டும் மாண்டன. நாயும் பன்றியும் மோதும் சிற்பத்தோடு கல் நாட்டி, நிலமும் விட்டார்கள். அதற்கும் முன்னால், பல்லவன் மகேந்திரவர்மன் காலத்தில், திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூர் நடுகல் கள்வரைக் கடித்துக் காத்து நின்ற நாயைக் கோவிவன் என்று பெயர் சொல்லிப் பதிந்திருக்கிறது. அந்தப் பெயரின் ஈற்றிலேயே ஆண்பால் இருக்கிறது.

ஆனால் காளியும் கோவிவனும் போரிட்ட நாய்கள். மகாபாரதத்தில் தருமன் சொர்க்கத்தின் வாயிலில் விட்டுச்செல்ல மறுத்த நாயோ, முடிவில் நாயாகவே இருக்கவில்லை, தருமதேவதையாக உருமாறியது. வீரத்தால் இறந்த நாய்க்குக் கல் உண்டு. தெய்வம் மறைந்திருந்த நாய்க்குக் காவியம் உண்டு. யாரையும் காக்காமல், எதுவாகவும் மாறாமல், சிறுநீரகம் கெட்டு, கொல்லைக் கதவுக்கு ஐந்தடி முன்னால் விழுந்த நாய்க்கு மரபு எதையும் வைத்திருக்கவில்லை. வீடுகளில் இறக்கும் நாய்களில் பெரும்பாலானவை இந்த வகைதான். அவற்றுக்காக அழுபவர்கள் தங்கள் சொற்களைத் தாங்களே தேட வேண்டியிருக்கிறது.

மீதமிருந்த ஏழு திரவப் பைகளையும் கணவர் மருத்துவரிடம் கொண்டுபோய்க் கொடுத்தார். வேறொரு நாய்க்குப் பயன்படும் என்றார். அந்த நாயின் வீட்டார் ஊசி போட அஞ்சினால், தாமே வந்து கற்றுத் தருவதாகவும் சொன்னார். அடுத்த மாதம் அப்படி ஒரு வீட்டுக்குப் போய், தோலை எப்படித் தூக்குவது, பையை எந்த உயரத்தில் தொங்கவிடுவது, எவ்வளவு சூடு போதும் என்று காட்டிவிட்டு வந்தார். தம் நாயைப் பற்றி அங்கே ஒன்றும் சொல்லவில்லை.

சில நாள்கள் கழித்து எதிர்வீட்டுச் சிறுவன், ஆறு வயதுப் பையன், சைக்கிளை வாசலில் நிறுத்திவிட்டுக் கேட்டான்: “அஜ்ஜி, கரியா எல்லி ஹோத?” பாட்டி, கரியா எங்கே போனான்? அவனுடைய தாய் அவனிடம் கரியா தூங்குகிறான் என்று சொல்லிவைத்திருந்தார். இறந்தவர்களைத் தூங்குகிறார்கள் என்று கேட்ட குழந்தைகள் தூங்கவே அஞ்சுவதுண்டு என்பதை முப்பது ஆண்டுகள் வகுப்பறையில் நின்ற அந்த ஆசிரியர் அறிந்திருந்தார். படியில் அமர்ந்து, அவன் மொழியிலேயே, எளிய வினைச்சொற்களால் விடை சொன்னார். கரியா செத்துப்போனான். அவனுக்கு வயதாகிவிட்டது. உடம்புக்குள் ஓர் உறுப்பு கெட்டுவிட்டது. அதைச் சரிசெய்ய முடியவில்லை. மிகவும் துன்பப்பட்டான். டாக்டரம்மா வந்து ஊசி போட்டார், அதனால் இறந்தான். போடச் சொன்னது நாங்கள்தான்.

சிறுவன் ஊசி வலித்ததா என்று கேட்டான். முதல் ஊசி கொஞ்சம், இரண்டாவது இல்லை என்றார் அவர். கூடத்தில் செய்தித்தாள் விரித்து அமர்ந்திருந்த கணவர் இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். “நாங்கள்தான்” என்ற சொல் வந்தபோது தலை நிமிர்ந்தார். மறுக்கவில்லை. எழுந்து வந்து மனைவிக்குப் பக்கத்தில், அதே படியில் அமர்ந்து, கரியாவைப் புதைத்த இடம் எது என்று சிறுவனுக்குக் கை நீட்டிக் காட்டினார்.